கண்ணாடிக்கு வயதாவதில்லை

என் காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகும் முன் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முன்சக்கரத்தின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். முடி கனத்தில் வரிவரியாக வெடிப்புகள் வாய் திறந்தன.

"பட்டன் நல்லா இருக்கு சார். டயர்தான் செத்துப்போச்சு."

பட்டன், அதாவது டயர் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. என் டயரில் அது தாராளமாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்கள் 1114: 2014ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் பிறந்த டயர். காற்றில் துளியூண்டு கலந்திருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பர் சங்கிலிகளைத் துண்டிக்கிறது. அதைத் தடுக்க ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அது இன்னும் எளிதாக மேலே கசிந்து வந்து பூச்சாகப் படியும். ஆகவே நிழலில் மூடி வைத்து, "வண்டியே எடுக்கிறதில்லை" என்று பெருமைப்படுகிறோமே, அந்தக் காரின் டயரிலும் வெடிப்பு விழும்.

வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் காகிதங்களைப் புரட்டினேன். ஃபுல் இன்சூரன்ஸில் பழுதான பாகத்துக்குப் பணம் தரும்போது தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி என்றால் முதல் நாளிலிருந்தே 50 சதவீதம். உலோகத்துக்கு முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை. ஐந்து வயதைத் தாண்டினால் 40, பத்தைத் தாண்டினால் 50. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. அட்டவணையைப் போட்டவர் வேதியியல் வாத்தியாரோ என்று தோன்றியது. இரும்பு, தாதுவாக இருந்தபோது ஆக்சிஜனோடு சேர்ந்திருந்தது. உலையில் பிரித்தோம், மறுபடி அதனிடமே போகப் பார்க்கிறது. அதுதான் துரு. கண்ணாடியின் சிலிக்கானோ ஏற்கெனவே ஆக்சிஜனோடு இறுகிவிட்டது. காற்று அதை ஒன்றும் செய்வதற்கில்லை.

தேர்டு பார்ட்டி கட்டணத்துக்கு மட்டும் வண்டியின் வயது கணக்கில்லை. 2022இல் அறிவித்தபடி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416. நியாயம்தான்: மோதுகிற கார் பழசு என்பதற்காக அடிபடுகிறவரின் எலும்பு மெல்ல முறியாது.

என்னைப் பயமுறுத்தியது பிரேக் ஆயில். அது கிளைக்கால் வகைத் திரவம். ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது தர விதி. கொடைக்கானலில் இருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஆயில் கொதித்து ஆவிக்குமிழாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆறிய பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் இது தெரியவே தெரியாது.

மெக்கானிக் பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். டீ டிக்காஷன் நிறம். புதிதாக ஊற்றியது நல்லெண்ணெயைவிட வெளிறியிருந்தது. ஆர்.சி.க்கு இனி ஐந்து ஆண்டு கவலையில்லை. ஆயிலுக்கு இரண்டு ஆண்டுதான் கெடு கொடுத்திருக்கிறார்.