ஆழ்கடல் பாக்டீரியா மருந்து... வாங்கித் தெளிக்கலாமா?

'ஆழ்கடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது என்று சொல்லி, நெல் இலைக்கருகலுக்கு ஒரு கரைசல் விற்கிறார்கள். வாங்கலாமா?' என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். முதலில், ஆழ்கடலில் என்ன தேடுகிறார்கள் என்று பார்ப்போம்.

மண்ணிலிருந்து கடலுக்கு...

முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான 'ஸ்ட்ரெப்டோமைசிஸ்' வகை பாக்டீரியாக்கள், பல மருந்துகளைத் தந்தவை. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் இப்படிக் கிடைத்தது. ஆடுகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின், ஜப்பான் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவின் கொடை. காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் ஸ்பினோசாடும் மண் பாக்டீரியா தந்ததுதான். நாளடைவில், நிலத்து மண்ணில் தெரிந்த பொருள்களே திரும்பத் திரும்பக் கிடைத்தன. பழைய மருந்துகளுக்குக் கிருமிகளும் பழகிவிட்டன. அதனால்தான் கடலடி மண்ணைத் தேடிப் போனார்கள்.

கடல்நீரில்தான் வளரும்!

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிக்கல், பால் ஜென்சன் குழுவினர், பஹாமாஸ் தீவுப் பகுதியின் கடலடி மண்ணிலிருந்து 'சாலினிஸ்போரா' பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். இது நல்ல தண்ணீரில் வளராது, கடல்நீர் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கும் கீழே உள்ள மண்ணிலும் இந்த இனம் இருக்கிறது.

இது உருவாக்கும் 'சாலினோஸ்போரமைடு-ஏ' பற்றிய ஆய்வு 2003-ல் வெளியானது. செல்லுக்குள் கழிவுப் புரதத்தை அகற்றும் வழியை இது அடைத்துவிடும். குப்பை தேங்கி, புற்றுச் செல் சாகும். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தது. ஆனால், மூளைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்தும் ஆயுள் நீளவில்லை. ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது வேறு. அது மருந்தாவது வேறு.

உங்கள் கேள்விக்குப் பதில்...

பயிர்நோய் மருந்து என்றால், டப்பாவில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண், பயிர், நோய், அளவு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். கடல்பாசிச் சாறு வேறு. அது வளர்ச்சி ஊக்கி, நோய் மருந்து அல்ல. எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள்.

பாக்டீரியா இலைக்கருகல் கண்ட வயலில் தழைச்சத்தை அதிகமாக இடாதீர்கள். அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். 20 சதவிகிதப் புதிய சாணக் கரைசலை வடிகட்டி, நோய் தெரிந்ததும் ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளியுங்கள். அடுத்த போகத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளாமல் நடுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். அதுவும் ஒரு பாக்டீரியாதான். வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்து வாங்கலாம்.