கோபுரம் இல்லாத வானொலி

வானொலி நிலையம் என்றவுடன் வானளாவிய இரும்புக் கோபுரமும், அதனடியில் அரசாங்கத்தின் அநுமதிப் பத்திரத்தோடு இயங்கும் ஒரு பெரிய ஸ்தாபனமும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பே. ஆயினும், 1993-இல் கார்ல் மலமூட் என்ற அமெரிக்கர் கணினிகளின் வலைப்பின்னல் வழியே பேட்டிகளை அனுப்பத் தொடங்கியதும், 1994 நவம்பர் 7-ஆம் நாள் சாப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியாகிய டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. தன் ஒலிபரப்பை அப்படியே இணையத்தில் ஏற்றியதும், கோபுரம் இன்றியும் வானொலி உயிர்வாழக் கூடும் என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணங்களாக அமைந்தன. பிறகு 1999-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டப்லாப், 2000-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரஸ்டி ஹாட்ஜ் ஆரம்பித்த சோமா எஃப்.எம்., 2011-இல் லண்டன் ஹாக்னிப் பகுதியில் ஃபெமி அடெயெமி தோற்றுவித்த என்.டி.எஸ். எனச் சுயேச்சையான நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இத்தகைய நிலையம் இயங்கும் விதம் எவரும் புரிந்துகொள்ளக் கூடியதே. நிகழ்ச்சியை நடத்துபவர் தம் வீட்டில் மைக்கையும் மிக்ஸரையும் கணினியோடு இணைத்து அமர்கிறார். என்கோடர் என்னும் மென்பொருள் அவர் குரலையும் அவர் இடும் இசையையும் சுருக்கி, இடைவிடாத ஓர் எண்தொடராக மாற்றி, தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்புகிறது. ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் போன்ற மென்பொருள்களால் இயங்கும் அந்தச் சர்வர், கேட்க விரும்பி வந்து சேரும் ஒவ்வொரு நேயருக்கும் அந்தத் தொடரைப் பிரதி எடுத்து வழங்குகிறது. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையை ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றே. இணையத்திலோ, பந்தியில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் தனி இலை போட்டுப் பரிமாறுவது போல, நேயர் பெருகப் பெருகச் செலவும் பெருகும். விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பும் நிலையம் ஒரு நேயருக்கு மணிக்கு 57.6 மெகாபைட் அனுப்பியாக வேண்டும். ஆயிரம் பேர் கேட்டால் அது 57.6 கிகாபைட் ஆகிறது.

ஆனால், இந்தச் சாதனங்களை வாங்கி அமைத்துவிட்டால் நிலையம் நடந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. நிலையத்தை நடத்துபவருடைய உண்மையான சொத்து நாளின் இருபத்து நான்கு மணி நேரமே. அதில் ஒவ்வொரு மணியையும், பெரும்பாலும் ஊதியமின்றி, தமக்குப் பிரியமான இசையையோ விஷயத்தையோ உலகுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆர்வம் ஒன்றாலேயே வருகிற ஒருவர் கையில் அவர் ஒப்படைக்கிறார். அந்த ஒருவர் வேறொரு கண்டத்தில், வேறொரு இரவில், நிலையத்தை நடத்துபவருக்கு முகமறியாதவராகவும் இருக்கலாம். ஆகவே நிலையத்தின் திறமை முழுவதும் சோதிக்கப்படுவது ஒரு மணி முடிந்து மறு மணி தொடங்கும் அந்தச் சில விநாடிகளிலே என்பது என் துணிபு.

அங்கே நேரும் இடையூறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐஸ்காஸ்ட் சர்வரில் ஒலித்தொடர் வந்து சேரும் வாயில் ஒவ்வொன்றும் ஒரு சமயத்தில் ஒருவரையே ஏற்கும். முன் நிகழ்ச்சியை நடத்தியவர் இணைப்பைத் துண்டிக்க மறந்து தூங்கப் போய்விட்டாரானால், அடுத்தவர் எத்தனை முறை முயன்றாலும் சர்வர் அவரை உள்ளே விடாது. அவர் பல நாள் தேடித் தொகுத்த நிகழ்ச்சி வாசலிலேயே நின்றுவிடும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்துவைத்த நிலையத்தில், இணைந்திருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி மணி கழிந்துவிடும். அநுபவமுள்ள நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் தந்து, அட்டவணையில் குறித்த நேரத்தில் மட்டுமே அவை செல்லுபடியாகும்படி அமைப்பது இதனாலேதான். நிகழ்ச்சி நடத்துபவர் வீட்டில் மின்சாரம் நின்றாலோ இணைப்பு அறுந்தாலோ, நேயர்களை உடனே மாற்றுத் தொடர் ஒன்றுக்குக் கொண்டுபோய், இணைப்பு மீண்டதும் திருப்பி அழைத்துவரும் வசதியும் சர்வரிலேயே உண்டு. இணைப்பு இருந்தும் மைக்கைத் திறக்க மறந்து மௌனமே ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தால், அந்த மௌனத்தைக் கண்டறிந்து இசையை இட்டு நிரப்பும் லிக்விட்சோப் என்னும் மென்பொருளும் உண்டு.

கடிகாரம் செய்யும் குழப்பத்தை எந்த மென்பொருளும் முற்றிலும் போக்க இயலாது. கோடை வரும்போது கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வழக்கம் அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டனில் அதே மாதத்துக் கடைசி ஞாயிறன்றும் நிகழ்வதால், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமாக ஐந்து மணியாக உள்ள வித்தியாசம் அந்த இடைப்பட்ட வாரங்களில் நான்காகக் குறுகுகிறது. இந்தியாவில் இருப்பவரோ கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அந்த நாட்களில் ஒரே மணிக்கு இருவர் வந்து நிற்பதும், ஒருவருமே வராமற்போவதும் நேரக்கூடியவையே. எல்லா அட்டவணையையும் யு.டி.சி. என்னும் சர்வதேசப் பொது நேரத்தில் எழுதி, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் முன்கூட்டியே நினைவூட்டல் அனுப்புகிற நிர்வாகியே நிம்மதியாக இருக்க முடியும்.

சட்டமும் நிகழ்ச்சி நடத்துபவரின் மணிக்குள் நுழைந்து கட்டளையிடுகிறது. அமெரிக்காவில் இணைய வானொலிகளுக்குரிய பொது உரிமத்தின்படி, எந்த மூன்று மணி நேரத்திலும் ஒரே கலைஞரின் பாடல்கள் நான்குக்கு மேலும், ஒரே ஆல்பத்தின் பாடல்கள் மூன்றுக்கு மேலும் இடம்பெறலாகாது. வரப்போகும் பாடல்களின் பெயர்களை முன்னதாக அறிவிக்கவும் கூடாது. தாம் போற்றிய பாடகர் மறைந்த நாளன்று ஒரு மணி முழுவதும் அவர் பாடல்களையே ஒலிக்கச் செய்ய விரும்பும் அன்பரிடம், 'வேண்டாம்' என்று சொல்லும் கடமை நிர்வாகியின் தலையில் விழுகிறது. காரணத்தை விளக்காமல் தடையை மட்டும் சொன்னால் அந்த அன்பரை நிலையம் இழந்துவிடும்.

ராயல்டித் தொகையோ சிறு நிலையங்களின் உயிரையே கேட்டது. 2002-இல் அமெரிக்காவில் ஒரு பாடலுக்கு, ஒரு நேயருக்கு 0.07 சென்ட் என்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டது. கேட்கச் சிறிதாகத் தோன்றினும், ஆயிரம் நேயர்களும் மணிக்குப் பதினைந்து பாடல்களும் என்று கொண்டால் மணிக்குப் பத்து டாலருக்கு மேல் ஆகிறது, அதுவும் 1998 முதல் பின்கணக்கிட்டு. விளம்பரமின்றி நேயர்களின் நன்கொடையாலேயே நடந்த சோமா எஃப்.எம். 2002 ஜூனில் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தினால் போதும் என்று சிறு நிலையங்கள் உடன்பாடு செய்துகொள்ள வழிவகுத்த சட்டம் அதே ஆண்டின் இறுதியில் வந்தது. 2007-இல் விகிதம் மறுபடியும் உயர்த்தப்பட்டபோது, ஜூன் 26 அன்று பல இணைய வானொலிகள் மௌன தினம் அநுஷ்டித்து எதிர்ப்பைத் தெரிவித்தன.

இவ்வளவுக்கும் நடுவே நிகழ்ச்சி நடத்துபவர்களை நிலைக்கச் செய்வது எவ்வாறு? என்.டி.எஸ். போன்ற நிலையங்கள் பலருக்கும் வாரந்தோறும் அன்றி மாதம் ஒரு முறையே நேரம் ஒதுக்குகின்றன. இதனால் தொகுப்பாளர்களின் எண்ணிக்கை பெருகி நிர்வாகச் சுமை கூடுகிறது என்பது மெய்யே. எனினும் ஒரு மாதம் தேடிச் சேர்த்ததை ஒரே மணியில் கொட்டுகிறவரின் நிகழ்ச்சிக்கு இருக்கும் செறிவு, நாள்தோறும் வந்து அமர்கிறவரிடம் அரிதாகவே காணப்படும் என்பதால், அந்த முறையையே நான் சிறந்ததெனக் கருதுகிறேன். நேயர் எண்ணிக்கையைக் கொண்டு தொகுப்பாளர்களைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. நள்ளிரவில் பன்னிரண்டு பேருக்கு அரிய நாட்டார் இசையை அறிமுகப்படுத்துகிறவர், மாலையில் ஆயிரம் பேரை மகிழ்விப்பவருக்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவர் அல்லர், அவருக்கு இடமளிப்பதற்காகவே சுயேச்சை நிலையம் பிறந்தது.

வரவேற்பைப் போலவே விடைகொடுப்பதற்கும் முறை வேண்டும். வர இயலாதபோது எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது, பதிலாள் யார், பதிவுகள் யாருக்கு உரியவை, விலகுகிறவர் அவற்றைத் தம்மோடு எடுத்துச் செல்லலாமா என்பனவற்றை முதல் நாளிலேயே ஒரு பக்கத்தில் எளிய நடையில் எழுதி நிர்வாகியும் நிகழ்ச்சி நடத்துபவரும் கையொப்பமிடுவது நட்புக்கு விரோதமன்று. விலகுகிறவர் தம் கடைசி நிகழ்ச்சியை அறிவித்து நடத்த வாய்ப்பளித்து, அந்த மணிக்கு வரவிருக்கும் புதியவரை அவரே நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைக்குமாறு ஏற்பாடு செய்தால், நேயர்களும் கலையாமல் இருப்பார்கள். அன்றிரவே அவருடைய கடவுச்சொல்லை நீக்கி, புதியவருக்கு ஒன்றை வழங்கி, நேயர் இல்லாத ஒரு சோதனை வாயிலில் அவரை அரைமணி நேரம் பேசிப் பழகச் செய்துவிட வேண்டும்.