தீவுக்கு ஒரு கணக்கு சார்

மாலத்தீவில் வேலை பார்த்துத் திரும்பிய ஆசிரியர் யாரிடமாவது, "கடலுக்கு மேலே கட்டியிருப்பார்களே, அந்தக் குடிலில் தங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார். 1972-இல் முதல் ரிசார்ட் வந்த நாளிலிருந்தே அந்நாட்டுச் சுற்றுலா பெரும்பாலும் ஆளில்லாத் தீவுகளில்தான் நடக்கிறது. பள்ளிக்கூடமோ சனம் குடியிருக்கும் தீவில். மொத்தம் 1,192 தீவுகள். குடியிருப்பு உள்ளவை 200-க்கும் குறைவு. அவற்றில் பல, பேசிக்கொண்டே நடந்தால் சற்று நேரத்தில் மறுகரை வந்துவிடுகிற அளவுதான்.

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். திவெஹி மொழியும் இஸ்லாமும் உள்ளூர் ஆசிரியர் பாடங்கள். மற்றவை ஆங்கில வழி. கடைசியில் பிரிட்டிஷ் ஓ-லெவல் தேர்வு. ஐந்து லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை இத்தனை தீவுகளில் சிதறிக் கிடக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியரை உள்ளூரிலேயே தேடினால் கிடைக்குமா? ஆகவே கணக்கு சாரும் வேதியியல் மிஸ்ஸும் விமானமேறி வருகிறார்கள்.

போனவர்களை முதலில் குழப்புவது ஞாயிற்றுக்கிழமை. வாரம் அன்றுதான் தொடங்குகிறது. விடுமுறை வெள்ளியும் சனியும். குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது வெறும் நாள் மாற்றமல்ல. அங்கே தேவாலயமும் இல்லை, கோயிலும் இல்லை. இஸ்லாம் அல்லாத பிற மதத்தினர் பொதுவில் வழிபடச் சட்டம் இடம் தருவதில்லை. வழிபாட்டுச் சிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவும் முடியாது, சுங்கத்தில் தடை. பொங்கலோ கிறிஸ்துமஸோ அறைக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, செல்போன் திரையில்தான். வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் சம்பளத்தைச் சொல்லும் வேகத்தில் இதையும் சொன்னால் நல்லது.

சாப்பாட்டில் தென்கரைக்காரர்களுக்குப் பாதிக் கஷ்டம்தான். சூரை மீன், தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் சேர்த்துப் பிசைந்த மஸ்ஹுனி, தொட்டுக்கொள்ள ரொஷி என்கிற சப்பாத்தி. இது காலைப் பலகாரம். மதியம் சோற்றுக்குக் கருதியா, மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்த தெளிந்த சாறு. நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாட்டின் சொந்த ஊரே மாலத்தீவுதான். முருங்கை, கறிவேப்பிலை, சீமைப்பலா எல்லாம் வீட்டுப் பின்புறத்திலேயே உண்டு. திண்டாடுவது சைவக்காரர்கள். அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் 1981 வர்த்தக ஒப்பந்தத்தின்படி இந்தியாவிலிருந்து ஒதுக்கீட்டில் போகிறவை. தூத்துக்குடித் தோணிகளும் சரக்கு ஏற்றிப் போகின்றன. ஆனால் தலைநகர் மாலேயில் இறங்கிய தக்காளி, தள்ளியிருக்கும் தீவுக்கு இன்னொரு படகேறி வர வேண்டுமே. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கினால் படகு நின்றுவிடும். அப்புறம் பருப்பும் உருளைக்கிழங்கும்தான்.

பணம் அனுப்புவது தனிப் பாடு. சம்பளம் ருஃபியாவில், ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும். அரசு விலைப்படி ஒரு டாலர் சுமார் 15.42 ருஃபியா. அந்த விலைக்கு வங்கி தரும் டாலருக்கு வரம்பு உண்டு, வெளியே வாங்கினால் விலை கூடும். மாசக் கடைசியில் ஆசிரியர் அறையில் வேறு பேச்சு ஓடாது.

இவையெல்லாம் நாளடைவில் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: தீவில் ஆசிரியருக்கு 'வேலை நேரம் முடிந்தது' என்பதே கிடையாது. கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பது எட்டாம் வகுப்புப் பையனின் அப்பா. படகில் பக்கத்து இருக்கையில் நேற்று கணக்கில் கோட்டைவிட்ட பெண்ணின் பாட்டி. வீட்டு வாசல்களிலும் தெருமுனைகளிலும் ஜோலி என்று கயிறு பின்னிய இருக்கைகள் வரிசையாக இருக்கும். சாயங்காலம் ஊரே அதில்தான் உட்கார்ந்திருக்கும். சார் எத்தனை மணிக்குக் கடற்கரைக்குப் போனார், யாரோடு போனார், பையில் என்ன வாங்கி வந்தார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். நம் கிராமத்து வாத்தியாருக்கும் ஒரு காலத்தில் இந்த நிலைமை இருந்தது. ஆனால் அவர் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு சினிமா பார்த்துவிட்டு வரலாம்.

சினிமா என்றதும் ஒரு வேடிக்கை. மாலத்தீவில் இந்திப் படங்களுக்கு ஏக மவுசு. டிவி பார்த்தே ஓரளவு இந்தி பேசக் கற்ற பிள்ளைகள், இந்தியாவிலிருந்து வந்த சாரிடம் ஆசையாக இந்தியில் கேள்வி கேட்பார்கள். தூத்துக்குடி சார் திருதிரு என்று விழிப்பார். "இந்தியாவிலிருந்துதானே வந்தீங்க?" என்று சந்தேகமாகப் பார்க்கும் பிள்ளைக்கு, அன்றைக்குப் புவியியல் பாடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

ஊர் முழுக்கத் தன்னைத் தெரிந்திருக்க, தனக்கென்று ஒருவரும் இல்லாத தனிமை ஆசிரியர்களை வாட்டுகிறது என்பதும் உண்மை. குடும்பத்தைக் கூட்டி வர முடிந்தவர்கள் தப்பிக்கிறார்கள். மற்றவர்கள் ஒப்பந்தம் முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறார்கள். தேதி வந்ததும் அவர்களில் பலர், நம்மூர்த் தனியார் பள்ளிச் சம்பளத்தை நினைத்துப் பார்த்துவிட்டு, புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்தாலும் தீவு விடாது. மாலத்தீவுக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு வழக்கமாக வருகிற ஊர்களில் ஒன்று திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து ரெயிலில் பக்கம்தான். சார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபோன் வந்துவிடும்: அம்மாவுக்கு முட்டுவலி, எந்த டாக்டர் நல்லவர், லாட்ஜ் எங்கே மலிவு, நாளைக்குக் கொஞ்சம் கூட வர முடியுமா சார்? முடியாது என்று சொல்லிவிட்டு, விடுமுறை முடிந்து தீவில் அதே கடையில் போய்த் தக்காளி வாங்க முடியுமா? மறுநாள் காலை முதல் வண்டிக்கே கிளம்பிவிடுவார்.