பத்திரம் எழுதுமுன் ஆடிட்டரைப் பாருங்கள்

ஆகுர்டிக்கு ஆலை வேலைக்கு வந்து, சிறுகச் சேர்த்து வீடு வாங்கிய தமிழன்பர்கள் சிலர், ஓய்வு பெற்றதும் அதை விற்றுவிட்டு ஊர் திரும்ப எண்ணுகிறார்கள். விலை பேசுவதில் காட்டும் கவனத்தை வரியில் காட்டுவதில்லை.

வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக்கொண்டு, மிஞ்சும் லாபத்துக்கு 20 சதவீதம் வரி கட்டுவது பழைய முறை. 2024 ஜூலை 23 முதல் அந்தச் சலுகை போய், வரி 12.5 சதவீதமாயிற்று. எதிர்ப்பு எழவே, அத்தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு இரண்டில் குறைவானதைக் கட்டலாம் என்று ஆகஸ்டில் திருத்தம் வந்தது.

12.5தானே குறைவு என்று தோன்றும். 2012-13ல் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26ல் 50 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வாங்கிய விலை 37.60 லட்சமாகிறது; செஸ் நீங்கலாக வரி 2.48 லட்சம். புதிய முறையிலோ 3.75 லட்சம்! அதே வீடு 80 லட்சத்துக்குப் போனால் கணக்கு தலைகீழ்: பழையது 8.48 லட்சம், புதியது 7.50 லட்சம்.

விற்ற 2 ஆண்டுக்குள் ஊரில் வேறு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுக்குள் கட்டினாலோ, லாபத்தில் அதற்குச் செலவிட்ட தொகைக்கு வரி இல்லை. ஆனால், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை வங்கியில் அதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, கெடு கடந்தபின் ஓடினால் எந்த ஆடிட்டராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அட்வான்ஸ் வாங்குமுன், பழைய கிரயப் பத்திரத்தையும் பதிவுச் செலவு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.