உங்களுக்குத் தெரியுமா? சீனாவின் பேச்சும் போக்கும்

1974 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் சபையில் பேசிய சீனத் துணைப் பிரதமர் டெங் சியாவோபிங், சீனா வல்லரசு அல்ல, ஆகவும் விரும்பாது என்று அறிவித்தார். அதோடு நிற்கவில்லை. என்றைக்காவது சீனா நிறம் மாறிப் பிற நாடுகளை மிரட்டினால், உலக மக்கள் அதை அம்பலப்படுத்தி எதிர்க்க வேண்டும், சீன மக்களோடு சேர்ந்து வீழ்த்த வேண்டும் என்றும் சொன்னார். தன் நாட்டைப் பற்றி எந்தத் தலைவரும் எளிதில் பேசத் துணியாத பேச்சு இது.

1989 தியானன்மென் படுகொலைக்குப் பின் மேற்கு நாடுகள் தடை விதித்தன. 1991இல் சோவியத் யூனியன் சிதறியது. அப்போது டெங் காட்டிய வழி: வலிமையை வெளியே காட்டாதே, காலம் கனியக் காத்திரு. அடுத்த இருபது ஆண்டுகள் சீன ராஜதந்திரிகள் அடக்கி வாசித்தார்கள். 2003இல் முன்வைக்கப்பட்ட 'அமைதியான எழுச்சி' என்ற முழக்கம்கூட அண்டை நாடுகளைக் கலவரப்படுத்தும் என்று அஞ்சி, அடுத்த ஆண்டே 'அமைதியான வளர்ச்சி' ஆனது.

2010இல் சீனா, ஜப்பானை முந்தி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது. அதே ஆண்டு ஜூலையில் ஹனோயில் நடந்த ஆசியான் கூட்டத்தில் தென்சீனக் கடல் பிரச்சினை எழுந்தபோது வெளியுறவு அமைச்சர் யாங் ஜியேச்சி கொதித்துப்போனார். சீனா பெரிய நாடு, மற்றவை சிறிய நாடுகள், இதுதான் உண்மை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அடக்கமான பேச்சின் காலம் முடிந்ததை அந்த அரங்கில் இருந்தவர்கள் அன்றே உணர்ந்திருப்பார்கள்.

ராணுவ ஆவணங்களிலும் இதே மாற்றம். வெளிநாட்டில் ராணுவத் தளம் அமைப்பதில்லை என்று சீனாவின் 1998 பாதுகாப்பு வெள்ளை அறிக்கை சொன்னது. கடலைவிட நிலமே முக்கியம் என்ற பழைய எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்றது 2015 அறிக்கை. 2017 ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் சீனத் தளம் திறக்கப்பட்டது.

'ஓநாய் வீரர்' எனப்படும் ஆவேசப் பாணியில் சீனத் தூதர்கள் சீறியதால் சீனாவுக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம். 2021 மே மாதம், நம்பிக்கையும் அன்பும் மரியாதையும் பெறும் சீனாவை உலகுக்குக் காட்டுங்கள் என்றார் ஷி ஜின்பிங். தொனி தணிந்தது. ஆனால் 2023இலும் தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் படகுகள் மீது சீனக் கடலோரக் காவல் படை தண்ணீர் பீய்ச்சியடித்தது. தொனியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஆனால் சில சொற்களை அலட்சியப்படுத்த முடியாது. 'முன்பே சொல்லவில்லை என்று பிறகு சொல்லாதீர்கள்': இது கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான 'பீப்பிள்ஸ் டெய்லி' அபூர்வமாகப் பயன்படுத்தும் எச்சரிக்கை. 1962 செப்டம்பரில் இந்தியாவுக்கு எதிராக எழுதியது. அக்டோபர் 20இல் போர் மூண்டது. 1978 டிசம்பரில் வியட்நாமுக்கு எழுதியது. இரண்டே மாதத்தில் படை நுழைந்தது. 2019 மே மாதம், அரிய மண் தாதுக்களை முன்வைத்து அமெரிக்காவுக்கு எழுதியது. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அவற்றால் செய்யப்படும் காந்தம் கிடைக்காமல் நம் நாட்டு மின்வாகன உற்பத்தியாளர்களும் திண்டாடினார்கள்.