இரண்டு பொத்தான், ஒரு பாம்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர்ப் பக்கத்து ஆலைகளிலோ தானியங்கி இயந்திரத்தின் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு பி.எல்.சி. (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) இருக்கும். 1968இல் அமெரிக்காவில் டிக் மோர்லி முன்வைத்த யோசனையின் வாரிசு அது. சுவிட்ச், சென்சார் எல்லாவற்றின் நிலையையும் மொத்தமாகப் படித்துக்கொள்ளும், கணக்குப் போடும், பிறகு மோட்டாருக்கும் வால்வுக்கும் உத்தரவு அனுப்பும். சில மில்லி விநாடிகளில் மறுபடியும் முதலிலிருந்து. கணக்கு நடக்கும்போது யாராவது பொத்தானை அழுத்தினால், பொதுவாக அது அடுத்த சுற்றில்தான் சேரும்.

பேனலோடு பழகிய டெக்னீஷியனுக்கு ஃபங்ஷனல் முறையில் கேம் எழுதுவது சீக்கிரம் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றக் கூடாது என்பது அந்த முறையின் கட்டுப்பாடு. அப்படியானால் ஆட்டம் எப்படி நகரும்? பழைய நிலையும் வந்த விசையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போகும், புதிய நிலை வெளியே வரும். 2012இல் வெளிவந்த எல்ம் மொழியில் வழக்கமாக அதற்கு 'அப்டேட்' என்று பெயர். பி.எல்.சி.யின் கணக்குப் போடும் கட்டம் போலத்தான் அது; விசைப்பலகையைக் கவனிப்பதும் திரையில் வரைவதும் அதன் வேலை அல்ல.

பழைய நோக்கியா போன்களில் விளையாடிய பாம்பை எடுத்துக்கொள்வோம். பாம்பு வலப்பக்கம் போகிறது. அது அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குள் மேல் விசையையும் இட விசையையும் அடுத்தடுத்துத் தட்டுகிறீர்கள். நேர் எதிர்த்திசைக்குத் திரும்பத் தடை உண்டு. ஆனால் மேலே என்றதும் திசையை உடனே மாற்றிவிட்டால், மேலுக்கு இடம் எதிர்த்திசை இல்லையே! தடை ஏமாந்துபோகிறது, பாம்பு தன் கழுத்தையே கடித்துச் சாகிறது. விசைகளை நிலைக்குள்ளேயே வரிசையில் நிறுத்தி, ஒரு நகர்வுக்கு ஒன்று வீதம் எடுத்து, கடைசியாக நகர்ந்த திசையோடு ஒப்பிட்டால் சிக்கல் தீரும்.

இப்படி நடந்ததை நிலைக்குள் நினைவில் வைப்பது ஆலைக்கும் புதிதல்ல. உலோகத் தகட்டை அழுத்தும் பவர் பிரஸ்ஸின் இருகைக் கட்டுப்பாட்டிலும் நினைவுதான் உயிர் காக்கிறது. கடுமையான வகையில் இரண்டு பொத்தானையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டையும் விட்ட பிறகே அடுத்த அடி. ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்ட அது விடாது. 'இப்போது அழுத்தியிருக்கிறதா' என்பதோடு 'நடுவில் விட்டார்களா' என்பதும் நிலையில் இருந்தால்தான் விரல்கள் தப்பும்.

இப்படி எழுதிய ஆட்டத்தைச் சோதிக்க விசைப்பலகையே வேண்டாம். விசைகளின் பட்டியலை ஃபங்ஷனுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தால் போதும், எத்தனை முறை ஓட்டினாலும் பாம்பு அதே கட்டத்தில் நிற்கும். இரை விழும் இடத்தைத் தீர்மானிக்கும் ரேண்டம் விதை எண்ணையும் நிலைக்குள் வைக்க மறந்துவிடாதீர்கள்.