தோழியின் குரலுக்குச் செவிகொடுப்போம்

கொத்மலை மக்களுக்கு வானொலி புதிதல்ல. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989 இல் இங்கு சமூக வானொலி தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அதற்கு இணைய வசதியும் கிடைத்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, வைத்தியர் போன்ற துறைசார்ந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எளிய பேச்சில் விளக்குவார்கள். ஒருவர் கேட்ட கேள்வி ஊருக்கே பாடமாயிற்று.

இன்று குரலைப் பதிவு செய்ய ஒரு கைத்தொலைபேசி போதும். எமது வகுப்பில் என்னுடன் படிக்கும் சகோதரி ஒருவர், கூட்டாகக் கற்றல் பற்றி 'பொட்காஸ்ட்' எனப்படும் ஒலிப்பதிவு ஒன்றைத் தயாரித்தார். அதைக் கேட்டுக் கருத்துச் சொல்வது எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சி.

அவரது குடும்பம் 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குச் சென்றது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் உறவினரிடம் திரும்பி வந்தவர் அவர். கூட்டங்களில் வாய் திறக்கவே தயங்குவார். எனவே நாங்கள் சொல்லப்போகும் வார்த்தை அவரை மேலும் பேசவைக்கலாம். மீண்டும் மௌனமாக்கவும் செய்யலாம்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கியின் (1896–1934) கருத்தை அவர் விளக்கியிருந்தார். ஒருவரால் தனியே செய்யக்கூடியது ஓர் அளவு. தெரிந்த ஒருவரின் துணையுடன் செய்யக்கூடியது அதைவிடக் கூடிய அளவு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் கற்றல் வளர்கிறது என்பதே அக்கருத்து.

விளக்கம் தெளிவாக இருந்தது. அதை முதலில் சொன்னேன். ஆனால் உதாரணங்கள் யாவும் கரும்பலகையையும் மாணவர்களையும் பற்றியவை. "நம் பெண்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சேர்த்தால் என்ன?" என்று கேட்டேன். புதிதாகக் கொழுந்து பறிக்க வரும் பெண், அடுத்த நிரையில் நிற்கும் அனுபவசாலியைப் பார்த்துத்தானே எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று பழகுகிறாள்! முதல் நிமிடத்திலேயே கலைச்சொற்கள் நெருக்கமாக வந்ததால், இடையில் சற்று நிறுத்திப் பேசலாம் என்றும் சொன்னேன்.

வேறொருவர், "பேச்சில் வன்னிச் சாயல் தெரிகிறது, மாற்றினால் நல்லது" என்றார். சகோதரியின் முகம் வாடியது. பேச்சுவழக்கு பதிவின் குறையல்ல, அது அவர் வாழ்ந்த வாழ்க்கை என்று வகுப்பில் பலரும் எடுத்துச் சொன்னோம்.

அடுத்த வாரம் அவர் புதிய பதிவுடன் வந்தார். கொழுந்து மலை உதாரணம் அதில் இருந்தது. கூடவே, நாங்கள் எவரும் கேளாத ஒன்றும் இருந்தது. இடம்பெயர்ந்தோர் முகாமில் எழுத்தறிந்த ஒரு பெண் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததையும், பின்பு அவர்களுக்கே கையொப்பமிடப் பழக்கியதையும் தன் வழக்கிலேயே சொல்லியிருந்தார்.

கேட்பதோடு நின்றுவிடாமல் கூடிப் பேசினால்தான் பயன் அதிகம் என்பதற்கு அனுபவச் சான்று உண்டு. 1956 இல் இந்தியாவின் பூனா பகுதியில் 150 கிராமங்களில் விவசாயிகள் குழுவாக வானொலி கேட்டு, கேட்டதைக் கலந்துரையாடினார்கள். வானொலி இருந்தும் குழு இல்லாத கிராமங்களைவிட இவர்களின் அறிவு வெகுவாகக் கூடியதை ஆய்வு காட்டியது.

நமது மகளிர் சங்கங்களிலும் இதைச் செய்யலாம். அப்போது சிலவற்றை மனதில் கொள்வோம்:

• பதிவை முழுவதும் கேட்ட பின்னரே பேசுங்கள். உங்களுக்கு விளங்கியதை முதலில் சொல்லுங்கள்.

• "நன்றாக இல்லை" என்பதால் பயனில்லை. எந்த இடத்தில் விளங்கவில்லை, எதைச் சேர்க்கலாம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

• பதிவைப் பற்றிப் பேசுங்கள். பேசியவரின் வழக்கையோ வாழ்க்கையையோ விமர்சிக்க வேண்டாம்.

• யுத்த அனுபவத்தைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தாதீர்கள். அது அவரவர் விருப்பம்.

• எதை ஏற்பது, எதை விடுவது என்பதைப் பதிவு செய்தவரே தீர்மானிக்கட்டும். அவர் அனுமதியின்றிப் பதிவை வெளியாருக்கு அனுப்பக்கூடாது.

கருத்துச் சொல்லப் பட்டம் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கும் காதும், மற்றவரும் வளரவேண்டும் என்ற எண்ணமும் போதும். அடுத்த கூட்டத்தில் உங்கள் தோழியொருவர் பேச முன்வந்தால், முதல் ஆளாக அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள்.